பொது மாறிலிகளுக்குத் தெளிவான பெயர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வலையட்டை, சேமிப்பகம் போன்ற சாதனங்கள் மையச் செயலியின் துணையின்றியே நினைவகத்தில் நேரடியாக எழுத வல்லவை என்பதால், அவை தமக்கு ஒதுக்கப்பட்ட நினைவகப் பக்கங்களைத் தாண்டாதபடி தடுக்கும் ஐஓஎம்எம்யு (IOMMU) என்னும் வன்பொருளை இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரல் பிழையின்றி அமைத்தாக வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய அனுமதியைக் குறிக்கும் பக்க அட்டவணையில், இன்டெல் வன்பொருளில் படிக்கும் அனுமதி 0ஆம் பிட்டிலும் எழுதும் அனுமதி 1ஆம் பிட்டிலும் இருக்க, ஏஎம்டி வன்பொருளில் அவையே 61, 62ஆம் பிட்டுகளில் உள்ளன. இவ்வேறுபாட்டை மறைக்கவே லினக்ஸ் ‘ஐஓஎம்எம்யு_ரீட்’, ‘ஐஓஎம்எம்யு_ரைட்’ என்னும் பொது மாறிலிகளை (மாறாத மதிப்புகளுக்கு நிரலில் இடும் பெயர்களை) வைத்து, அவற்றை அந்தந்த வன்பொருளை இயக்கும் நிரலான இயக்கியே தன் பிட்டுகளாக மாற்றிக்கொள்ளச் செய்திருக்கிறது. மிகச் சரியான ஏற்பாடு இது.

ஆனால், ஏஎம்டி இயக்கி தனக்கே உரிய மாறிலிகளுக்கும் நெடுங்காலம் அதே ‘ஐஓஎம்எம்யு’ முன்னொட்டைப் பயன்படுத்தி வந்ததால், எது பொது, எது ஒரு வன்பொருளுக்கு மட்டும் உரியது என்பது பெயரைப் பார்த்த அளவில் விளங்குவதில்லை. அண்மையில் நான் சரிபார்த்த ஓர் இயக்கியில் அனுமதியின் இடத்தில் பெயரே இன்றி வெறும் 3 என்று எழுதப்பட்டிருந்தது. அது படிக்கவும் எழுதவும் தந்த அனுமதி என்று உறுதிசெய்யப் பல கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது. படிக்க மட்டுமே வேண்டிய சாதனத்துக்கு எழுதும் உரிமையும் போய்ச் சேர்வது இத்தகைய இடங்களில்தான்.

பொது மாறிலிகளைப் பல நிரல்களும் பகிரும் ஒரே தலைப்புக் கோப்பில் வைத்து, வன்பொருளுக்கு உரியவற்றின் பெயரில் அந்த வன்பொருளின் அடையாளத்தைக் கட்டாயம் சேர்க்குமாறு கருநிரல் பராமரிப்பாளர்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கருநிரல் நிரலாளர்