நிலா லைட் வாங்கினவங்களுக்கு: நாங்க சொன்னதுல ஒண்ணு தப்பு, தயவுசெஞ்சு மாத்திக்கோங்க

நம்ம கடைக்கு வர்ற எல்லாருக்கும் வணக்கம்.

கடை முன்னாடி இருக்கிற பெரிய டிஸ்ப்ளே தொட்டிக்கு மேல நீல எல்இடி போட்டு நிலா வெளிச்சம் மாதிரி பண்ணி வெச்சிருந்தோம்ல, அதைப் பார்த்துட்டு நிறைய பேர் எங்க வீட்டுத் தொட்டிக்கும் வேணும்னு கேட்டீங்க. நாங்களும் ஆறு எல்இடி, கரண்ட்டைக் கட்டுப்படுத்துற ரெண்டு 120 ஓம் ரெசிஸ்டர், ஒரு 12 வோல்ட் அடாப்டர்னு ஒரு கவர்ல போட்டுக் குடுத்து, ராத்திரி பூரா எரியட்டும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி அனுப்பினோம். ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது தப்பு. அதைச் சரி பண்ணத்தான் இந்த மடல், அப்படியே வயரிங்ல திரும்பத் திரும்ப நடக்கிற தப்பையும் சொல்லிடறோம்.

ஒருநாள் ஒரு வேலையா நடுராத்திரி கடையைத் திறக்க வேண்டி வந்துச்சு. பார்த்தா ஏஞ்சல் மீனெல்லாம் வெளிச்சம் விழாத ஒரே மூலையில நெருக்கிக்கிட்டு நிக்குது, நியான் டெட்ரா கூட்டம் பகல் மாதிரியே பளபளன்னு கோடு தெரிய சுத்திக்கிட்டு இருக்கு. நல்ல இருட்டுல நியான் டெட்ராவோட அந்தக் கோடு மங்கிப் போயிடும், அப்படி மங்கினாதான் அது ராத்திரின்னு ஓய்வுக்குப் போயிருக்குன்னு அர்த்தம். நம்ம தொட்டியில அது நடக்கவே இல்ல. மீனுக்கு நம்மள மாதிரி இமை கிடையாது, கண்ணை மூடிக்கிட்டுத் தூங்க முடியாது, இருட்டினாதான் அதோட உடம்புல ராத்திரின்னு உணர்த்துற மெலடோனின்ங்கிற ஹார்மோன் ஒழுங்கா சுரக்கும், ராத்திரி வெளிச்சம் பட்டா அது குறைஞ்சு போகும். வெளிச்சத்தை லக்ஸ்னு ஒரு அலகுல அளப்பாங்க, நிஜ பௌர்ணமி வெளிச்சமே கால் லக்ஸ் அளவுதான், நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரைக்கும் போகும், அப்போ ஒரு சாண் உயரத்துல ஆறு எல்இடியை முழு வேகத்துல எரிய விட்டா அது நிலாவே இல்ல, தெருவிளக்கு. அதுவும் நிஜத்துல மாசத்துக்கு ஒரு அமாவாசையும் வருது, நாங்க குடுத்த லைட்டுக்கு தினமும் பௌர்ணமி.

அதுக்காகக் கழட்டிப் போட்டுடாதீங்க, இதுக்கு நல்ல உபயோகம் இருக்கு. மெயின் லைட் பட்டுன்னு அணையும்போது மீன் மிரண்டு கண்ணாடியில மோதும், மூடி இல்லாத தொட்டின்னா வெளிய கூடக் குதிச்சிடும், அந்த நேரத்துல லேசா ஒரு வெளிச்சம் இருந்தா அடங்கி ஒரு இடத்துல நிக்கும். அப்புறம் பகல் பூரா கண்ணுல படாத குஹ்லி லோச், ப்ளெக்கோ மாதிரி அடியில வாழுற மீனெல்லாம் கிளம்பி மேய வர்றதை உக்காந்து பார்க்கலாம், அது ஒரு தனி சந்தோஷம். பவளம் வளர்க்கிறவங்க சிலர் இதை வெச்சு முட்டை விட வைக்கலாமான்னு கேட்டாங்க. ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறையில பௌர்ணமி முடிஞ்ச சில ராத்திரிகள்ல பவளமெல்லாம் ஒட்டுமொத்தமா முட்டையும் விந்தும் விடுறது உண்மைதான், ஆனா அதுக்கு 29.5 நாள் கணக்குல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கணும், தண்ணி சூடும் பருவத்துக்கு ஏத்த மாதிரி மாறணும், நாலு கம்பியை ஒட்ட வெச்சு அதெல்லாம் நடக்காது.

இப்போ வயரிங். கருகிப் போன எல்இடியோட வர்றவங்க முக்கால்வாசி பேர் ரெசிஸ்டர்லதான் கோட்டை விட்டிருக்காங்க. நீல எல்இடி ஒண்ணுக்கு சுமார் 3.2 வோல்ட், மூணை வரிசையா கோத்தா 9.6, அடாப்டர் 12, மிச்சம் இருக்கிற 2.4 வோல்ட்டை ரெசிஸ்டர் வாங்கிக்கும். 120 ஓம் போட்டா 20 மில்லி ஆம்பியர் ஓடும், சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடிக்கு அதுதான் உச்சம், உச்சத்துலயே ஓட்ட வேண்டிய அவசியம் நிலாவுக்கு என்ன இருக்கு? 270 ஓம் போட்டா 9 மில்லி ஆம்பியர் கிட்ட வந்துடும். நம்ம டிஸ்ப்ளே தொட்டியில இப்போ மூணே எல்இடி, 1000 ஓம், சில மில்லி ஆம்பியர்தான் ஓடுது, அப்பவும் மணல்ல மீனோட நிழல் தெரியுது.

ரெசிஸ்டரே வேணாம், நாலு எல்இடியை நேரா கோத்தா கணக்கு 12.8 வந்துடுதேன்னு ஒருத்தர் கேட்டார். அது சரிப்பட்டு வராதுங்க, எல்இடில வோல்ட் கொஞ்சம் ஏறினாலே கரண்ட் மளமளன்னு ஏறிடும், அதைப் புடிச்சு நிறுத்தத்தான் ரெசிஸ்டர். ரெண்டு வரிசை போட்டா ரெண்டுக்கும் தனித்தனி ரெசிஸ்டர், ஒண்ணை வெச்சுப் பங்கு போடாதீங்க. வீட்டுல கிடக்கிற பழைய கனமான அடாப்டரை எடுத்தா முதல்ல மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க, மேல 12னு எழுதியிருக்கும், லோடு கம்மியா இருந்தா 16 வரைக்கும் காட்டும், 120 ஓம் ரெசிஸ்டரோட அதைக் குடுத்தா 50 மில்லி ஆம்பியருக்கு மேல ஓடி எல்இடி கருகிடும். இந்தக் கணக்கே வேணாம்னு நினைச்சா 5 வோல்ட் போன் சார்ஜர், ஒரு எல்இடி, ஒரு 180 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான், சின்னத் தொட்டிக்கு இது தாராளம். பவர் பேங்க்ல போடாதீங்க, இவ்வளவு கம்மியா இழுத்தா பல பவர் பேங்க் தானா ஆஃப் ஆகிடும். நீளமான கால் பிளஸ், காலை வெட்டிட்டீங்கன்னா அடிவிளிம்புல தட்டையா இருக்கிற பக்கம் மைனஸ்.

தண்ணி பக்கத்துல வேலைங்கிறதால இதை மட்டும் நிதானமா படிங்க. மூடிக்குள்ள வர்றது 12 வோல்ட் வயர் மட்டும்தான், அடாப்டரும் ப்ளக்கும் தொட்டிக்கு மேல எங்கயும் இருக்கக் கூடாது. வயர் ப்ளக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வளைவா கீழ தொங்கிட்டு அப்புறம் மேல ஏறணும், அப்பதான் வயர் வழியா ஒழுகி வர்ற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், சாக்கெட்டுக்குள்ள போகாது. சால்டர் வெச்சு ஒட்டின ஒவ்வொரு இடத்துக்கும் சூடு பட்டா சுருங்கி இறுகிக்கிற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்க, வெறும் இன்சுலேஷன் டேப் மூடிக்குள்ள இருக்கிற ஈரத்துல கொஞ்ச நாள்லயே பிசுபிசுத்துக் கழண்டுடும். அதுக்கு மேல சிலிகான் பூசினா வினிகர் வாசனை அடிக்கிறது வேணாம், அந்த ஆசிட் செம்பை அரிக்கும், நியூட்ரல் சிலிகான்னு கேட்டு வாங்குங்க. செம்பு அரிச்சு பச்சையா தொட்டிக்குள்ள சொட்டினா மீனுக்கு முன்னாடி இறாலும் நத்தையும்தான் போகும்.

தண்ணியோட அலை மணல்ல நெளிஞ்சு ஆடுறது பிடிக்கும்னா எல்இடியைத் தள்ளித் தள்ளி ஒத்தை ஒத்தையா வைங்க, நெருக்கமா இருக்கிற ஸ்ட்ரிப் லைட்ல அந்த ஆட்டம் வராது. ஒரே இடத்துல வட்டமா விழுந்து கண்ணைக் குத்துதுன்னா எல்இடி தலையை உப்புத்தாள்ல லேசா தேய்ங்க, பரவிடும். நாங்க பின்பக்கம் வெச்சு கொஞ்சம் முன்னாடி சாய்ச்சிருக்கோம், மீன் கருப்பு உருவமா மிதந்து போறது அழகா இருக்கு.

டைமர் ரெண்டு வேணும். மெயின் லைட் 9 மணிக்கு அணையுதுன்னா நிலா லைட் 8.45க்கே வந்துடட்டும், 11 மணிக்கு அதுவும் அணைஞ்சு விடியற வரைக்கும் முழு இருட்டு. நம்ம டிஸ்ப்ளே தொட்டியில இப்படி மாத்தினதுக்கப்புறம் ஏஞ்சல் மீன் அந்த மூலையை விட்டு வெளிய வந்துடுச்சு.

எங்ககிட்ட அந்த 120 ஓம் கவர் வாங்கினவங்க உங்க செட்டை அப்படியே அடாப்டரோட எடுத்துட்டு வாங்க, ரெசிஸ்டரை மாத்தி, எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு உங்க முன்னாடியே மீட்டர் வெச்சுப் பார்த்துக் குடுக்கிறோம், காசு வேணாம். வர முடியாதவங்க இன்னைக்கு ராத்திரி தூங்கப் போகும்போது அந்த ஸ்விட்சை மட்டும் அணைச்சிடுங்க.

அன்புடன்,
உங்க மீன் கடைக்காரங்க