அம்மிணிக்கு, செபாங் போவதற்கு முன்

அம்மிணி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இன்று காலை பட்டறை திறந்த பிறகுதான் பார்த்தேன். லேத் ஓடினால் ஒன்றும் கேட்காது என்று அதை நிறுத்திவிட்டு இரண்டு தடவை கேட்டேன். "மலேசியாவில் ஆறு நாள் இருப்போம்ப்பா, கூட வர்றவங்க எல்லாம் கோ-கார்ட் ஓட்டணும்ங்கறாங்க, எங்கே போறதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்று அந்தக் குட்டிப் பந்தய வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், விமானம் ஏறுவதற்குள் முழுசாகப் படித்துவிடு கண்ணு.

செபாங் போ. மற்றதெல்லாம் அப்புறம்.

கோலாலம்பூரிலேயே மால், விளையாட்டு வளாகம் என்று அங்கங்கே சின்ன ட்ராக்குகள் இருக்கும், ஓட்டல் பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்கே போய்விடலாம் என்று யாராவது சொல்வார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் பொழுது போக அது சரி. ஆனால் இடம் குறைவு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், சுற்றிலும் டயர் தடுப்பில் இடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். செபாங்கில் ஃபார்முலா ஒன் நடந்த பெரிய ட்ராக்குக்குப் பக்கத்திலேயே கார்ட்டுக்கென்று தனி ட்ராக் இருக்கிறது. திறந்தவெளி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நல்ல அகலம், பந்தயக் கார்ட்டுகள் ஓடுகிற அதே தரை. அங்கே ஒரு சுற்று போனாலே கார்ட் என்றால் என்ன என்று உனக்குத் தெரிந்துவிடும்.

நான் அங்கே ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது பால்வாடி போய்க்கொண்டிருந்தாய். ஒரு அணியோடு மெக்கானிக்காகப் போனேன். முதல் நாள் காலையில் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, இரண்டு நேர்ப்பாதைகளுக்கும் நடுவில் அந்தப் பெரிய கூரை போட்ட கேலரி நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள், 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்த இடம். 2005-இல் நம் கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் காரில் அங்கேதான் 11-ஆவதாக வந்தார், அவருக்கு அது இரண்டாவது ஃபார்முலா ஒன் பந்தயம். அன்றைக்கு நம் பட்டறையில் ஒரு வேலையும் ஓடவில்லை, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் நம் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். 2010-இல் சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் அங்கே பந்தயத்தை முடித்தார், 15-ஆவது இடம். வாசலில் நிற்கும்போது ஒரு நிமிஷம் இதையெல்லாம் நினைத்துக்கொள், எனக்காக.

இடம் ஊருக்கு வெளியே, கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துக்குப் பக்கம். கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு எக்ஸ்பிரஸ் ரயில் அரை மணி நேரத்துக்குள் போய்விடும். அதே பாதையில் ட்ரான்சிட் ரயிலும் போகிறது, அது நின்று நின்று போகும், அதில் சலாக் திங்கி என்ற நிறுத்தத்தில் இறங்கி அங்கிருந்து கிராப் கார், நம் ஊர் ஓலா மாதிரி, பிடிக்கலாம். நான்கு பேர் இருந்தால் கே.எல்.லிலிருந்தே கிராப்பில் போவது சுலபம். ஆனால் திரும்பி வர வண்டி கிடைப்பதைப் பற்றி முதலிலேயே யோசித்துக்கொள், சுற்றிலும் எண்ணெய்ப் பனைத் தோட்டம்தான், ரோட்டுக்கு வந்து கை காட்டினால் நிற்கிற ஊர் இல்லை. என்னைக் கூட்டிப்போன டிரைவர் நம் தமிழ்க்காரர், வண்டியில் ஏறின நிமிஷத்திலிருந்து தமிழ்தான் பேசினார், வேலை முடியும் வரை வெளியிலேயே காத்திருந்தார். அப்படி யாராவது அமைந்தால் போகவர சேர்த்தே பேசிவிடு. கிளம்புவதற்கு முன் ட்ராக்குக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள். பந்தயமோ ஏதாவது கம்பெனி நிகழ்ச்சியோ இருக்கும் நாளில் வாடகைக் கார்ட் விட மாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் மோட்டோ ஜிபி பைக் பந்தயம் நடக்கிற வாரம் என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

காலையில் போ. இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த ஊரில் மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும், மூன்று நான்கு மணிக்குமேல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மழை கொட்டும். 2009-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தார்கள், 56 சுற்று ஓட வேண்டியது, மழையில் பாதியிலேயே நிறுத்தி, 31 சுற்றுக் கணக்கில் பாதிப் புள்ளி கொடுத்து அனுப்பினார்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால் வாடகைக் கார்ட்டின் வழவழ டயருக்கு எப்படி இருக்கும்? இடி மின்னல் என்றால் ட்ராக்கை மூடிவிடுவார்கள், வந்த காசும் நேரமும் போகும். காலை முதல் வேளை, ட்ராக் திறந்ததும், முந்தின நாளே சொல்லி வைத்து. கையில் தண்ணீர் பாட்டில், காலில் ஷூ, முழுக்கால் பேன்ட். செருப்போடு போனால் விட மாட்டார்கள், விட்டாலும் நீ ஓட்டாதே.

லங்காவி போகிற திட்டம் இருந்தால் அங்கே மோராக் என்று ஒரு திறந்தவெளி ட்ராக் இருக்கிறது, தீவில் ஒரு காலைப் பொழுதுக்கு நல்லது. சிங்கப்பூரும் எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாயே, செந்தோசாவில் ஹைப்பர்டிரைவ் என்று மூன்று தட்டாக ஏறி இறங்கும் ட்ராக்கில் மின்சாரக் கார்ட் ஓட்டலாம். மின்சார வண்டியில் மிதித்த உடனே முழு இழுவை வந்துவிடும், முதல் சுற்றில் காலை மெதுவாக வை. ஆனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் செபாங்தான்.

இனி ஓட்டுவது பற்றி. நீ கார் ஓட்டுகிறாய் என்பதால் கார்ட்டும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பாய். கார்ட் வேறு சாதி. 1956-இல் அமெரிக்காவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல் வெட்டும் மெஷினின் எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் மாட்டி முதல் கார்ட்டைச் செய்தார், இன்றைக்கும் அடிப்படை அதேதான். ஷாக் அப்சார்பர் கிடையாது, வளைவில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. பின்னால் ஒரே முழு ஆக்சில், அதாவது இரும்புத் தண்டு, இரண்டு சக்கரமும் அதில் பூட்டியிருக்கும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம்தானே போக வேண்டும்? அதனால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சட்டமே முறுகி உள்பக்கப் பின்சக்கரம் ஒரு நூல் அளவு தரையை விட்டு எழும்பும், அப்போதுதான் வண்டி திரும்பும். இது நடப்பதற்கு நீ சீட்டில் நன்றாக ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். பைக்கில் சாய்வது மாதிரி உள்பக்கம் சாயாதே, உடம்பை நேராக விடு, வளைவே உன்னை வெளிப்பக்கம் தள்ளும், தள்ளட்டும்.

வாடகைக் கார்ட்டில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். திரும்பிக்கொண்டே பிரேக் மிதித்தால் வண்டி பம்பரமாகச் சுற்றும். நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடு, அப்புறம் திரும்பு, ஸ்டியரிங் நேராக வர வர ஆக்சிலரேட்டரைக் கொடு. இடது கால் பிரேக், வலது கால் ஆக்சிலரேட்டர், இரண்டையும் சேர்த்து மிதிக்காதே, கிளட்ச் எரிந்துவிடும். முதல் இரண்டு சுற்று டயர் ஆறிக் கிடக்கும், பிடிப்பு வராது, பொறுமையாகப் போ. சுற்றி நின்றுவிட்டால் இறங்கி ஓடக் கூடாது, பிரேக்கை மிதித்தபடி கையைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே உட்கார், ஆள் வருவார்கள். மஞ்சள் கொடி காட்டினால் யாரையும் முந்தாதே, நீலம் உனக்குக் காட்டினால் பின்னால் வேகமானவர் வருகிறார், வழி விடு. எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோகாதே, சைலன்சர் தோலை உரித்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். உன் முடி.

நீ ஒன்பதாவது படிக்கும்போது செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தய ட்ராக்குக்கு உன்னையும் உன் பெரியப்பா பையனையும் கூட்டிப்போனேன். அவன் ஓட்டினான். நீயும் கேட்டாய், நான் விடவில்லை. பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு என்று ஏதோ சொன்னேன். நீ மதில் மேல் ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய், வீடு வரும் வரை பேசவில்லை. நான் சொன்ன காரணம் பொய் கண்ணு. உண்மைக் காரணத்தை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

அதற்கு முந்தின வருஷம் வேறொரு ஊரில் ஒரு வாடகை ட்ராக்குக்கு ஆக்சில் கொடுக்கப் போயிருந்தேன். காலேஜ் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தாள், யாரும் கழற்றச் சொல்லவில்லை. மூன்றாவது சுற்றில் அது அவிழ்ந்து பின்னால் போனது. சீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளித்தான் அந்த ஆக்சில் சுற்றுகிறது, மேலே எந்த மூடியும் கிடையாது. பின் டயர் 11 அங்குல விட்டம், 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பத்தொன்பது சுற்று வருகிறது, நம் லேத்தில் நிமிஷத்துக்கு ஆயிரத்து நூறு சுற்று வைத்த மாதிரி. நான் ஓடிப் போவதற்குள் எஞ்சின் இறுகி நின்றிருந்தது. தார்க்குச்சியில் நூல் சுற்றின மாதிரி அந்தத் துணி ஆக்சிலில் அடுக்கடுக்காக ஏறி, மரக்கட்டை போல இறுகியிருந்தது. கையால் பிரிக்க முடியவில்லை, ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். இடுப்பில் கன்றிப்போனதோடு அவள் எழுந்து நடந்துவிட்டாள். அது முடியாக இருந்திருந்தால் என்று என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்புறம் நம் நாட்டிலேயே கார்ட்டில் முடி சிக்கிப் பெண்கள் இறந்த செய்திகளைப் பேப்பரில் படித்தபோதும் அந்தத் துணிதான் கண் முன்னால் வந்தது.

அந்தப் பயத்தில் உன்னை விடாமல் இருந்தது தப்பு. முடியைக் கட்டிவிட்டு உன்னை உட்கார வைத்திருக்க வேண்டும், அதற்கு ஐந்து நிமிஷம் போதும். பதினோரு வருஷமாக இது எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது.

அதனால் கேள். பின்னலாகப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதே, பின்னல்தான் முழுசாக உள்ளே போகும். கொண்டை போட்டு, நிறையப் பின் குத்தி, அதன் மேல் துணி முகமூடி மாட்டு, பாலக்ளாவா என்பார்கள், ட்ராக்கிலேயே விற்பார்கள் அல்லது கொடுப்பார்கள். அதன் மேல் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குக் கீழே ஒரு இழை முடி கூட வெளியே தெரியக் கூடாது, கூட வருகிறவளைப் பின்னால் நின்று பார்க்கச் சொல். தாடைப் பட்டியைப் போட்டபின் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பின்னாலிருந்து முன்னால் தள்ளிப் பார், கழன்று வந்தால் சின்ன சைஸ் கேள், வெட்கப்படாதே. துப்பட்டா, ஸ்கார்ஃப், சட்டையில் தொங்கும் கயிறு, கழுத்துச் செயின், அலுவலக அடையாள அட்டை எல்லாம் லாக்கரில். அங்கே வேலை பார்க்கும் பையன்கள் அவசரப்படுத்தினாலும் நீ அவசரப்படாதே. உன் தோழிகளுக்கும் நீயே பார்த்துவிடு, அவர்கள் அப்பாக்கள் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கொண்டை கலையாமல் எப்படிப் போடுவது என்று அம்மா ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் காட்டுகிறேன் என்றாள், எனக்கு அது தெரியாது.

ஒரு செஷன் பத்து நிமிஷம்தான் இருக்கும், அதுவே கையும் விலாவும் வலிக்கும். ஒன்றோடு நிறுத்தாதே, அரை மணி உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாவதும் ஓட்டு. முதலில் பயத்தில் ஒன்றும் பிடிபடாது, இரண்டாவதில்தான் எந்த இடத்தில் பிரேக் வைக்கலாம் என்று கண் தேட ஆரம்பிக்கும். இரண்டாவதுக்கு ஆகிற காசை நான் ஜிபே பண்ணிவிட்டேன், பார்த்துக்கொள்.

அன்றைக்கு ராத்திரி கூப்பிடு. இங்கே எட்டு மணி என்றால் அங்கே பத்தரை, நேரமாகிவிட்டது என்று விட்டுவிடாதே. ஒவ்வொரு சுற்றும் எத்தனை நொடி என்று ஒரு தாள் தருவார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடு, முதல் சுற்றிலிருந்து வரிசையாகப் படி, நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

அப்பா