வாரிசு இருந்தும் மறைந்த பட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் கம்போங் கிளாமுக்கு ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துப் போனால் தவறாமல் வரும் கேள்வி: “இங்கே சுல்தான் இருந்தாரா? அப்புறம் என்ன ஆனார்?” வாரிசு இல்லாமல் வம்சம் அற்றுப்போனது என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. வாரிசுகள் இருந்தார்கள். பட்டத்துக்குரிய உரிமைகளைத்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள்.

1812இல் சிங்கப்பூரையும் உள்ளடக்கிய ஜொகூர்-ரியாவ் அரசின் சுல்தான் மஹ்மூத் இறந்தபோது மூத்த மகன் ஹுசேன் பகாங்கில் இருந்தார். அவர் திரும்புவதற்குள் இளைய மகனை அரியணையில் ஏற்றிவிட்டார்கள். 1819இல் கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுவனம்) அதிகாரி ராஃபிள்ஸுக்கு, சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒரு சுல்தான் தேவைப்பட்டார். ஹுசேனை வரவழைத்துப் பட்டம் சூட்டி, ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி தருவதாக ஒப்புக்கொண்டார். ஐந்தே ஆண்டில், 1824 உடன்படிக்கையில், தீவே கும்பினிக்குப் போய்விட்டது. ஹுசேனுக்குக் கிடைத்தது ரொக்கமாக 33,200 வெள்ளியும் மாதம் 1,300 வெள்ளியும்.

என் மனத்தை அதிகம் உறுத்துவது மகன் அலியின் கதை. தந்தை 1835இல் மலாக்காவில் இறந்தார். அலியை சுல்தானாக ஆங்கிலேயர் முறைப்படி ஏற்றது 1855இல்தான். அதற்கு அவர் கொடுத்த விலை ஜொகூர்! கெசாங் என்ற சிறு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஆட்சியுரிமை முழுவதையும் தெமெங்கோங் (சுல்தானுக்கு அடுத்த நிலைத் தலைவர்களில் ஒருவர்) இப்ராஹிமுக்கு எழுதிக்கொடுத்தார். இப்ராஹிமின் மகன் அபு பக்கர் 1885இல் ஜொகூர் சுல்தானானார். பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில், இன்றும் ஆள்வது அந்த வம்சம்தான்.

1877இல் அலி இறந்தபின் குடும்பத்துக்குள் சண்டை மூண்டது. வழக்கு நீதிமன்றம் வரை போய், சுல்தானின் வாரிசு என்று யாரும் உரிமை கோர முடியாது என 1897இல் தீர்ப்பானது. 1904இல் வந்த சட்டம் சந்ததியினருக்கு உதவித்தொகை தந்தது. பட்டத்தைத் தரவில்லை. அலி கம்போங் கிளாமில் கட்டிய இஸ்தானாவில் (அரண்மனையில்) குடியிருந்த குடும்பத்தினர் 1999இல் வெளியேறினார்கள். மலாய் மரபுடைமை நிலையம் இருப்பது அந்த வீட்டில்தான்.

இது நமக்கும் அந்நியமான கதையல்ல. ஹுசேன் தொடங்கிய சுல்தான் பள்ளிவாசலின் அறங்காவலர்களில் தமிழ் முஸ்லிம்களுக்கும் இடம் இருந்தது. அதன் பொற்குவிமாடத்தின் அடியில் கறுப்பு வளையமாகத் தெரிவது ஏழைகள் கொடுத்த போத்தல்களின் அடிப்பாகம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, பள்ளிவாசலின் பெயரில் இருக்கும் சுல்தான் யார் என்றும் சொல்லிக்கொடுக்கலாமே.

உங்கள் மாணவர் பக்கத்தில் இந்த வரலாற்றைத் தொடராக வெளியிட வேண்டுகிறேன். 1819உடன் நிறுத்திவிடாமல், 1824, 1855 ஒப்பந்தங்களையும் விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிடோக்