கதைப் புத்தகப் பீரோவைத் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் சிறு பிள்ளைகளுக்கு நாங்கள் புத்தகம் வாசித்துக் காட்டும் கதை நேரத்தைத் தாங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்ற பயத்தில் சிறுவர் புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டியதும் தங்களுக்குத் தெரியும். சென்ற ஞாயிறு நூலகர் விடுப்பு. பொறுப்புக்கு வந்தவரிடம் சாவி இல்லை. 3 முதல் 6 வயது வரையிலான 18 பிள்ளைகள் கண்ணாடிக் கதவு வழியே அட்டைப் படங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். அந்தப் பீரோவைத் திறந்து வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பீரோவைத் திறக்கக் கேட்டபோது, 'புத்தகம் எதற்கு, வாயாலேயே கதை சொல்லலாமே' என்று பதில் வந்தது. சொல்கிறோம். ஆனால் கதை சொல்வது வேறு, வாசித்துக் காட்டுவது வேறு. வாயால் சொன்னால் 'நரி ஓடிப்போச்சு'. புத்தகத்தில் 'நரி ஓடிவிட்டது'. இந்த எழுத்து நடை முதல் வகுப்புப் பாடநூலில்தான் முதன்முதலாகக் காதில் விழுகிறது என்றால் பிள்ளை திணறத்தான் செய்யும். அதனால்தான் அச்சில் உள்ளபடியே வாசிக்கிறோம். முகம் சுருங்கும் இடத்தில் மட்டும் பேச்சு வழக்கில் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போகிறோம். வரிக்கு வரி பொருள் சொன்னால் கதை செத்துவிடும்.

டிவியில் கதை வீடியோ போடச் சொன்னவர்களும் உண்டு. பக்கத்தைப் புரட்டுமுன் நிறுத்தினால், அடுத்து வரப்போவது முதலை என்று நாலு பிள்ளைகள் கத்தும். அந்தக் கத்தலுக்காகப் புத்தகம் காத்திருக்கும், வீடியோ காத்திருக்காது. போன வாரக் கதையையே திரும்பக் கேட்பார்கள். மூன்றாம் முறை வாசிக்கும்போது வரியின் பாதியை நாம் விட்டால் மீதியை அவர்களே சொல்லி முடிப்பார்கள். அதற்கு அதே புத்தகம் மறு வாரமும் கைக்கு வர வேண்டும்.

கிழிந்துவிடும் என்பதும், கணக்குத் தணிக்கையில் நூலகர் பதில் சொல்ல வேண்டும் என்பதும் உண்மையான பயம்தான். ஸ்டேப்ளர் பின் அடித்த 16 பக்கப் புத்தகத்தில் முதலில் கழன்று வருவது நடுத்தாள். அந்தப் பின் துருப்பிடித்துத் தாளை அரிப்பதும் ஒரு காரணம். பின்னை எடுத்துவிட்டு, மடிப்பில் மூன்று துளை போட்டுப் பருத்தி நூலால் தைத்தால் நெடுநாள் தாங்கும். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டவே கூடாது. நாளாவட்டத்தில் மஞ்சளித்துப் பசை கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய டிஷ்யூ தாளும் மைதாப் பசையும் போதும். பைண்டிங் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் வாயில் வைக்கும் புத்தகத்தில் சேர்க்கக் கூடாது. இந்தப் பழுதுகளை மாதம் ஒரு நாள் நாங்களே வந்து பார்த்துத் தருகிறோம்.

பூட்டி வைத்தால் மட்டும் புத்தகம் பிழைக்குமா? காற்றோட்டமில்லாத பீரோவில் மழைக்காலத்து ஈரம் தங்கினால் ராமபாணப் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். பிள்ளை கிழித்த தாளை ஒட்டிவிடலாம். பூச்சி தின்ற படத்தை என்ன செய்வது?

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகக் கட்டுகிறோம். புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பதை நூலகங்களுக்கான தம் முதல் விதியாக 1931இல் எழுதி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் பிறந்த மாநிலத்தில், சாவி கேட்டு மடல் எழுத வேண்டியிருக்கிறது. வாங்கும் புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்: சிறுவர் நூல் என்று வருபவற்றில் பாதி, பெரியவர்களே கண்ணாடி போட்டுப் படிக்கும் சிற்றெழுத்தில், ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தோடு நீதி சொல்பவை. 18 பேர் உட்கார்ந்தால் பின்வரிசைக்குப் படம் தெரிய வேண்டாமா? கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

நாங்கள் கேட்பது சிறிதுதான். பீரோவை ஞாயிறு காலை 10 முதல் 12 வரையாவது திறந்து வையுங்கள். மாற்றுச் சாவி ஒன்றைப் பொறுப்பு நூலகரிடம் கொடுங்கள். கையொப்பமிட்டு எடுத்து, எண்ணித் திருப்பி வைக்கிறோம். கிழிந்ததைத் தனிப் பதிவேட்டில் குறித்து, அந்தச் சேதம் நூலகர் தலையில் விழாதபடி ஓர் உத்தரவு போடுங்கள். வரும் ஞாயிறு 10 மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். அதற்குள் தயவுசெய்து ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்