இறுகிய டிப்பும் பாலாற்றுத் தண்ணீரும்

ராணிப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டில் அனைவரின் நலத்தையும் அறிய ஆவல். உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தியை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன், எல்லாருக்கும் மகிழ்ச்சி. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், அதுவும் ஆறுதலாக இருந்தது. ஆனால் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தபின் என் மனம் உன் பட்டறைக்கே போய்விட்டது. பீரோக் கதவுக்கு உட்பட்டை வைக்கும் ஸ்பாட் வெல்டிங் இயந்திரத்தில், தகட்டை அழுத்தி மின்சாரம் பாய்ச்சும் செம்பு முனையான டிப் மேல் ஹோல்டருக்குள் இறுகிக்கொண்டதும், பையன்கள் இருவர் அதைப் பக்கவாட்டில் சுத்தியலால் அடித்ததில் மூக்கு முறிந்து அடிப்பகுதி உள்ளேயே தங்கிவிட்டதும், ஹோல்டரைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமா என்று நீ கேட்டதும் என்னை இரண்டு நாட்களாக விடவில்லை. போடாதே. அந்த ஹோல்டரைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். எப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில், டிப் ஏன் இறுகுகிறது என்பதை நாம் இருவரும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ள வேண்டும். உன் ஹோல்டரில் டிப்பை நிறுத்துவது மரை அன்று, டேப்பர் எனப்படும், சற்றே குறுகிச் செல்லும் சரிவு மட்டுமே. ஜார்னோ டேப்பர் என்பது 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் விட்டம் குறைவது; மோர்ஸ் டேப்பரும் ஏறக்குறைய அதே சரிவுதான்; ஐஎஸ்ஓ முறையில் வரும் டிப்புகளில் 10க்கு 1. இவ்வளவு மெல்லிய சரிவில் ஒன்றைச் செருகி அழுத்தினால் உராய்வே அதைப் பூட்டிவிடும். நீ பயன்படுத்தும் 0.8 மில்லிமீட்டர் தகடு இரண்டைச் சேர்த்து நல்ல ஸ்பாட் போட வேண்டுமானால் ஏறக்குறைய 8,000 ஆம்பியர் மின்சாரமும் 180 கிலோ அழுத்தமும் வேண்டும். அந்த அழுத்தம் ஒவ்வொரு மிதிக்கும் டிப்பை அதன் இருக்கைக்குள் ஒரு மயிரிழை தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆகவே வாரக்கணக்கில் கழற்றாத டிப் இறுகத்தான் செய்யும், அதில் வியப்பில்லை. கழற்ற முடியாத அளவுக்கு இறுகுவதற்குத்தான் வேறு காரணம் தேட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பக்கவாட்டில் அடிப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை நான் சொந்தமாகச் செய்து கற்றவன். ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வராத டிப் ஒன்றை இரண்டு பவுண்டு சுத்தியலால் இடமும் வலமுமாக அடித்து எடுத்தேன். டிப் வந்தது, நானும் பெருமைப்பட்டேன். ஆனால் அடித்த அடியில் ஹோல்டரின் வாய் வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகிவிட்டது. அடுத்துப் போட்ட புது டிப் ஒருபுறம் மட்டுமே உட்கார்ந்தது. மறுபுறத்து இடைவெளியில், டிப்பைக் குளிர்விக்க உள்ளே ஓடும் தண்ணீர் கசிந்து தகடுகளின்மேல் சொட்டி, மறுநாள் காலையில் ஒரு அடுக்கு முழுவதும் துருப்புள்ளியோடு நின்றது. அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. டேப்பர் முழுவதும் படியாதபோது மின்சாரம் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு இடத்தில் மட்டுமே பாய்கிறது. அங்கே தீப்பொறி எழுந்து, செம்பும் செம்பும் உருகி ஒட்டிக்கொள்கின்றன. ஒரு டிப்பை முரட்டுத்தனமாக எடுத்ததால் அடுத்த டிப் முன்னதைவிடக் கெட்டியாகச் சிக்கியது. அந்த ஹோல்டர் அந்த மாதமே முடிந்துபோனது. டிப் தேய்ந்து போவதற்கென்றே செய்யப்பட்ட பொருள்; ஹோல்டர் அப்படியல்ல. எடுக்கும்போது காயம் பட வேண்டுமானால் அது டிப்பின்மேல் மட்டுமே பட வேண்டும்.

முறியாத டிப்பானால் வழி எளிது. மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீரை மூடி, ஹோல்டரை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிப்பை ரெஞ்சால் கவ்வி அதன் அச்சிலேயே திருக வேண்டும். சில டிப்புகளில் அதற்கென்றே இரண்டு தட்டைப் பக்கங்கள் வெட்டியிருப்பார்கள். திருகும்போது டேப்பரின் பிடி ஒரு கணத்தில் விட்டுப்போகும். பிறகு கையாலேயே இழுத்துவிடலாம். பின்முனையில் தலை உள்ள எஜெக்டர் ஹோல்டர் இருந்தால் இன்னும் நல்லது: அந்தத் தலையை நைலான் அல்லது தோல் சுத்தியலால் தட்டினால் உள்ளே இருக்கும் குழாய் டிப்பைப் பின்னாலிருந்து நேராகத் தள்ளிவிடும். இரும்புச் சுத்தியலைக் கொண்டு தட்டினால் தலை காளான்போல் விரிந்து, உள்ளிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் கெட்டு, அங்கிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கும். அடுத்த முறை வாங்கும்போது எஜெக்டர் வகையையே வாங்கு. கொடுத்த விலைக்கு மேல் உழைக்கும்.

இப்போது உன் முறிந்த டிப்புக்கு வருகிறேன். முறிந்தது ஒரு வகையில் நமக்கு உதவியும்கூட, ஏனென்றால் டிப்பின் தண்ணீர் ஓட்டை இப்போது வெளியே திறந்திருக்கும். ஹோல்டரை இயந்திரத்தின் கையிலிருந்து கழற்றி, வைஸில் செம்பு அல்லது அலுமினியத் தகடு வைத்துப் பிடி. வைஸின் பற்கள் ஹோல்டரின் உடலைக் கடிக்கக் கூடாது. உள்ளிருக்கும் தண்ணீர்க் குழாயைப் பின்பக்கமாக உருவி எடுத்துவிடு. அது உள்ளே இருந்தால் ட்ரில் அதைக் கிழித்துவிடும். பிறகு அந்த ஓட்டையையே மையமாகக் கொண்டு நேராக ட்ரில் ஓட்டி மரை போட வேண்டும். எம்8 மரைக்கு 6.8 மில்லிமீட்டர் ட்ரில், எம்10 மரைக்கு 8.5. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டராவது செம்பு மிஞ்ச வேண்டும். பேராசைப்பட்டு ஓட்டையைப் பெரிதாக்கினால் ட்ரில் டேப்பரைத் தொட்டுவிடும், அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. செம்பு மாவுபோல் பிசுபிசுப்பான உலோகம் என்பது உனக்குத் தெரியும். மரை வெட்டும் டேப்புக்கு எண்ணெய் நிறைய விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று நிதானமாகப் போ. டேப்பின் பள்ளங்களில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொண்டால் பிசிறுகள் உள்ளே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

மரை போட்ட பிறகு, முழு நீளமும் மரையுள்ள 8.8 தர ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட், ஒன்றை அதில் திருகி இறக்கு. டிப்பின் அடிப்பகுதி தாராளமாக நுழையக்கூடிய உள்விட்டமுள்ள குழாய்த் துண்டு ஒன்றை ஹோல்டரின் முகத்தில் நிற்க வைத்து, அதன்மேல் தடித்த வாஷர், அதன்மேல் நட். ஸ்டட் சுழலாதபடி மேல்முனையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினால், குழாய்த் துண்டு ஹோல்டரை அழுத்த, ஸ்டட் செம்பை மேலே இழுக்கும். ஒரே மூச்சில் இறுக்காதே. கொஞ்சம் இறுக்கி, ஸ்டட்டின் மேல்முனையில் மரச்சுத்தியால் லேசாக ஒரு தட்டு. மறுபடி கொஞ்சம் இறுக்கு. எங்கோ ஓரிடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. பிறகு ஹோல்டரின் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சி, பிசிறு ஒன்றுகூட இல்லாமல் கழுவிவிடு.

நெருப்பு வைத்துச் சூடாக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பித்தளைக்குள் இரும்பு இறுகியிருந்தால் ஒன்று அதிகம் விரிந்து மற்றது குறைவாக விரிந்து விடுபடும்; இங்கே இரண்டுமே செம்பு, இரண்டும் ஒரே அளவு விரியும். டிப் செய்யும் குரோமியம் ஜிர்கோனியம் செம்பு 500 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே தன் கடினத்தை இழக்கத் தொடங்கும், பிறகு ஆறினாலும் அது திரும்பாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபுறமும் அடைபட்ட ஹோல்டருக்குள் சிறிது தண்ணீர் நின்றிருந்தாலும் அது ஆவியாகி டிப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல் எறியும். பையன்களிடம் இதை இன்றே சொல்லிவிடு. இன்னொன்று: சில இயந்திரக் கைகளும் ஹோல்டர்களும் பெரிலியம் கலந்த செம்பால் ஆனவை, அவற்றை அரத்தால் ராவவோ கிரைண்டரில் பிடிக்கவோ விடாதே, அந்தத் தூள் நுரையீரலுக்கு மிகக் கெடுதல்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனிமேல்தான் வருகிறது. உன் டிப் சிக்கியதற்குக் காரணம் தண்ணீர் என்றே எனக்குத் தோன்றுகிறது. மேல் டிப் மட்டும் இரண்டு மாதமாக நீலம் பாரித்து, முகம் விரிந்துகொண்டிருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அது குளிர்ச்சி போய்ச் சேராத டிப்பின் அடையாளம். சூட்டில் மென்மையான செம்பு அழுத்தத்தைத் தாங்காமல் டேப்பருக்குள் பிதுங்கி இறுகுகிறது. நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றில் வருடத்தில் பெரும்பகுதி மணலே ஓடுகிறது, நாம் குடிப்பதும் இயந்திரத்துக்குக் கொடுப்பதும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு டிப்பின் ஓட்டைக்குள்ளும் படிகிறது. செம்பு எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறதோ அவ்வளவு பிடிவாதமாக அந்தப் படிவு அதைத் தடுக்கிறது. போதாததற்கு உன் தொட்டி மொட்டை மாடியில், அக்கினி நட்சத்திர வெயிலில் நிற்கிறது. மதியம் மூன்று மணிக்கு அந்தத் தண்ணீரில் கை வைத்துப் பார், உனக்கே புரியும். 30 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை உள்ளே அனுப்பிவிட்டுக் குளிர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. தொட்டிக்கு ஓலைக் கூரையாவது போடு. முடிந்தால் மென்னீர் நிரப்பிய தனித் தொட்டி ஒன்றிலிருந்து அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடு. இப்போதைக்கு எலுமிச்சை உப்பைக் கரைத்து ஒரு மணி நேரம் உள்ளே நிறுத்திக் கழுவினால் படிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

உள்ளிருக்கும் குழாயையும் பார். அதன் முனை 45 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டு, டிப் ஓட்டையின் அடி வரை சென்றிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் தண்ணீர் பாதி வழியிலேயே திரும்பிவிடும், டிப்பின் முகத்துக்குப் பின்னால் ஆவி மட்டும் நிற்கும். தண்ணீர் குழாய்க்குள் சென்று அதன் வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். ஹோஸ் இரண்டையும் யாராவது மாற்றி மாட்டியிருந்தால் எவ்வளவு ஓடினாலும் பயனில்லை. திரும்பும் ஹோஸை ஒரு வாளியில் விட்டுக் கடிகாரத்தைப் பார்: ஒரு டிப்புக்கு நிமிடத்துக்கு 4 லிட்டராவது வர வேண்டும். மேல் டிப்புக்கும் கீழ் டிப்புக்கும் தனித்தனி ஹோஸ் கொடு. மேலே சூடான தண்ணீரைக் கீழே அனுப்புவதில் நியாயம் இல்லை.

புது டிப் போடும்போது ஹோல்டரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, கையால் செருகி, ஒரு திருகு திருகி, மரச்சுத்தியால் ஒரே தட்டுத் தட்டினால் போதும். மீதியை இயந்திரத்தின் அழுத்தமே பார்த்துக்கொள்ளும். கசிகிறது என்று டெஃப்லான் டேப் சுற்றாதே. அது தண்ணீரோடு மின்சாரத்தையும் நிறுத்தும், பிறகு தீப்பொறியும் ஒட்டுதலும் மறுபடி தொடங்கும். கசிவு இருந்தால் டேப்பர் கெட்டிருக்கிறது என்று பொருள். அதற்கு, ஓட்டையின் உட்புறத்தைச் செதுக்கிச் சீராக்கும் ரீமர்தான் மருந்து. வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை வேலை முடிந்ததும், எல்லா டிப்புகளையும் திருகிக் கழற்றி மறுபடி போடும் பழக்கத்தைப் பையன்களுக்கு ஏற்படுத்து. எங்கள் லைனில் அதைத் தொடங்கிய பிறகு சுத்தியலைத் தேடும் வேலையே பெரும்பாலும் இல்லாமல் போயிற்று.

2019இல் மாவட்டத்தைப் பிரித்ததில் நீ வேலூரிலும் நான் ராணிப்பேட்டையிலுமாக ஆகிவிட்டோம், இருந்தாலும் குடியாத்தம் பேருந்துக்கு அது தெரியாது. அடுத்த ஞாயிறு வருகிறேன். அதற்குள் அந்தச் செம்பை வெளியே இழுத்துவிட்டாயானால், டேப்பர் எந்த வகை என்று அளந்து எழுது: ஹோல்டரின் வாயருகே டிப்பின் விட்டம், அதிலிருந்து சரியாக 20 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு விட்டம், இரண்டும் போதும். அந்த வகை ரீமரையும் நீல மையையும் கொண்டுவருகிறேன்; மை தடவிப் பார்த்தால் ஹோல்டரின் வாய் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வாளியில் எத்தனை லிட்டர் வந்தது என்பதையும் மறக்காமல் குறித்து வை. முறிந்த மூக்கைத் தூக்கிப் போடாதே. அதன் உட்புறத்தில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்