ஏறாமல் விட்ட ஏணி

தூத்துக்குடி,
ஐப்பசி, மழை விட்ட ஒரு சாயங்காலம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ வாசல் வரை நடக்கிறாய் என்று எழுதியிருந்ததை வீட்டில் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். "கோயம்புத்தூர்க் குளிரில் காலையில் வெளியே போக வேண்டாமென்று எழுதுங்கள்" என்றாள். எழுதிவிட்டேன். கேட்க மாட்டாய் என்பது அவளுக்கும் தெரியும்.

இங்கே மழை சரியான போடு போட்டது. தெருவில் கெண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர். வழக்கம்போல மோட்டார் வைத்து இறைத்தார்கள், வழக்கம்போல அது மறுபடியும் வந்தது. மற்றபடி சர்க்கரை, பிரஷர், பென்ஷன் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

தீபாவளி லீவுக்கு மகள் வீட்டுப் பையன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். பதினான்கு வயது. என்னைவிட அரை அடி உயரம். மழையில் எங்கேயும் போக முடியாமல் அவனுக்குப் பொழுது போகவில்லை. "தாத்தா, உங்க போர்ட் ஹெல்த் வேலை சம்பந்தமான படம், பாருங்க" என்று ராத்திரி டிவியில் ஒரு கொரியப் படத்தைப் போட்டான். 2013-இல் வந்ததாம். கள்ளத்தனமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு கன்டெய்னர் வந்து சேர்கிறது. திறந்தால் உள்ளே எல்லாரும் பிணம், ஒருவன் மட்டும் உயிரோடு. அவன் ஓடிவிடுகிறான். பறவைக் காய்ச்சல் உருமாறி, பூந்தாங் என்ற ஊரில் பரவுகிறது. சியோலுக்குத் தெற்கே நிஜமாகவே இருக்கிற ஊர்தான் அது, பல லட்சம் பேர் வாழ்கிற புறநகர். தொற்றினால் 36 மணி நேரத்தில் ஆள் காலி. அரசாங்கம் ஊரையே அடைத்துப் பூட்டுகிறது. நடுவில் ஒரு தீயணைப்பு வீரன், ஒரு பெண் டாக்டர், அவளுடைய சின்ன மகள்.

முதல் பாதி நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஒருவன் இருமியதும் துளிகள் காற்றில் எப்படிப் பரவி எங்கெங்கே போய் உட்காருகின்றன என்று காட்டும்போது, இத்தனை வருஷம் ஜனங்களிடம் தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னதை இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்களே என்று எனக்கே பொறாமையாக இருந்தது. பிற்பாதியில் அமெரிக்க அதிகாரி உறுமுகிறார், ஜனாதிபதி மேஜையைத் தட்டுகிறார், கூட்டம் துப்பாக்கிக்கு எதிரே நடக்கிறது. அது வேறு படம். பறவைக் காய்ச்சல் கொடியதுதான், அதில் பொய்யில்லை. 1997-இல் ஹாங்காங்கில் அந்த எச்5என்1 கிருமி முதல்முறையாக மனிதர்களைப் பிடித்தபோது 18 பேருக்கு வந்து 6 பேர் போனார்கள். ஊரிலிருந்த கோழிகளையெல்லாம், பத்து லட்சத்துக்கு மேல், கொன்று தீர்த்தார்கள். ஆனால் அது கோழியிலிருந்து மனிதனுக்குத் தாவுகிறதே தவிர, மனிதனிலிருந்து மனிதனுக்கு அவ்வளவு லேசாகத் தாவுவதில்லை. அந்த ஒரு படியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதுதான் கதை. கடைசியில் குழந்தையின் ரத்தத்தில் மருந்து கிடைக்கிறது. சினிமாத்தனம் என்று சொல்லத் தோன்றியது, ஆனால் 1918-லேயே ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சலில் பிழைத்தவர்களின் ரத்தத்தை எடுத்து நோயாளிக்கு ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பிளாஸ்டிக்கில் சுற்றிய ஆட்களைக் குவியலாகத் தூக்கிப் போடும் காட்சி வந்தபோது ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டேன். பையன் ஒன்றும் கேட்கவில்லை. 2021-இல் கொரோனாவில் அண்ணாச்சி போனபோது நீ கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாயே, முகத்தை ஒரு தடவை காட்டச் சொல்லி. அது கண் முன்னால் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி போடச் சொன்னேன்.

படம் முடிந்ததும் பையன் கேட்டான்: "தாத்தா, நீங்க போர்ட்ல இருந்திருந்தா அந்தக் கன்டெய்னரைப் பிடிச்சிருப்பீங்கல்ல?"

"பின்னே? உள்ளேயே விட்டிருக்க மாட்டேன்" என்றேன்.

சொல்லிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனில் 1918 காய்ச்சலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நம் நாட்டுக்கும் அது துறைமுகம் வழியாகத்தான் வந்தது. அந்த வருஷம் ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் ஏழு பேர் முதலில் படுத்தார்கள். அப்புறம் நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேல் போனது. இதெல்லாம் நமக்குப் பயிற்சிக் காலத்திலேயே சொல்லிக்கொடுத்ததுதான். அன்றைக்கு ராத்திரி நான் புதிதாகப் படித்தது தலூன் என்ற கப்பலின் கதை. இதைச் சொல்லத்தான் உனக்கு இந்தக் கடிதமே.

பசிபிக்கில் சமோவா என்று தீவுக்கூட்டம். மேற்கு சமோவா ஜெர்மன்காரர்களிடம் இருந்து, 1914-இல் போர் தொடங்கியதும் நியூசிலாந்து கைக்குப் போனது. கிழக்குப் பக்கத் தீவுகள் அமெரிக்கக் கடற்படையின் கையில். மேற்கே அப்பியா துறைமுகம், கிழக்கே பாகோ பாகோ. இரண்டுக்கும் நடுவில் 130 கிலோமீட்டர்கூட இல்லை. இங்கிருந்து மதுரை எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரே ஜனம், ஒரே பாஷை, ஒருவருக்கொருவர் கொண்டு கொடுத்த சம்பந்திகள்.

தலூன் 1918 அக்டோபர் 30 அன்று ஆக்லாந்திலிருந்து புறப்பட்டது. அப்போது ஆக்லாந்தில் காய்ச்சல் கொழுந்துவிட்டு எரிகிறது. வழியில் பிஜியில் கப்பலைத் தனிமைப்படுத்தி வைத்தார்கள். நவம்பர் 7 அன்று அப்பியாவுக்கு வந்து சேர்ந்தது. ஆக்லாந்தில் இப்படி ஒரு நோய் நடப்பது அங்கே பொறுப்பில் இருந்த துறைமுக அதிகாரிக்குத் தெரியாது. இறங்கலாம் என்றுவிட்டார். காய்ச்சலோடு இருந்தவர்களும் இறங்கினார்கள்.

இரண்டு மாதத்துக்குள் அந்தத் தீவுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஜனம் செத்துப்போனது. 8,500 பேர் என்று கணக்கு. ஐந்தில் ஒருவர் என்றால் உன் தெருவையும் என் தெருவையும் நினைத்துப் பார், வீட்டுக்கு வீடு விரலை மடக்கு. இந்தக் காய்ச்சல் கிழவர்களை விட்டுவிட்டுத் திடகாத்திரமான ஆட்களைத்தான் அள்ளிக்கொண்டு போனது என்பது உனக்குத் தெரியும். சமைக்க ஆள் இல்லை, தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. செத்தவர்களுக்கு முறைப்படி எதுவும் செய்ய முடியவில்லை. பாயில் சுற்றி வாசலில் வைத்தால் லாரி வந்து எடுத்துக்கொண்டு போய் ஒரே குழியில் போட்டது. பாயில் சுற்றி என்ற இடத்தில் நான் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், கொஞ்ச நேரம்.

கிழக்கே என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சாவுகூட இல்லை.

அங்கே கவர்னராக இருந்த பாயர் என்ற கடற்படைக்காரர், ரேடியோவில் வந்த செய்திகளைப் பார்த்துவிட்டு, வருகிற கப்பல் எதுவானாலும் தனிமையில் வைத்துப் பார்க்காமல் ஆளை இறக்குவதில்லை என்று முடிவு செய்தார். கிராமத்து ஆட்களே கரையைச் சுற்றிக் காவல் நின்றார்கள், ராத்திரி தோணியில் யாரும் வந்து ஏறிவிடாமல். நம்மைப் போல அரசாங்கச் சம்பளக்காரர்கள் இல்லை, ஊர்க்காரர்கள். எதிர்க்கரையில் இருந்தது அவர்களுடைய சொந்தக்காரர்கள்தான், நினைத்துக்கொள். அப்பியாவிலிருந்து வந்த தபால் படகைக்கூட உள்ளே விடவில்லை. மேற்கு சமோவாவின் நிர்வாகி லோகன் என்ற ராணுவக்காரருக்கு அதில் கோபம். பாகோ பாகோவோடு ரேடியோத் தொடர்பையே துண்டித்துவிட்டார். டாக்டர்களை அனுப்பட்டுமா என்று அமெரிக்கப் பக்கத்திலிருந்து கேட்டதையும் ஏற்கவில்லை. ஜனம் செத்துக்கொண்டிருக்கிறது, இந்த மனிதருக்குத் தபாலில் மானப் பிரச்சினை! நீயும் நானும் இப்படி எத்தனை அதிகாரியைப் பார்த்திருக்கிறோம்.

பின்னால் விசாரணைக் கமிஷன் வந்தது. நிர்வாகத்தின் அலட்சியம் என்று எழுதியது. 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அப்பியாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். 84 வருஷம் கழித்து. கேட்டதே பெரிய விஷயம்தான், நம்மூரில் யார் கேட்டார்கள்.

இதைப் படமாக எடுத்தால் பாயரை எப்படிக் காட்டுவார்கள் என்று யோசித்தேன். அவருக்குக் கடற்படை பதக்கம் கொடுத்தது, அது சரி. ஆனால் படத்தில் அவர் செய்வதற்கு என்ன இருக்கிறது? கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கப்பல் வரும், காத்திருக்கச் சொல்வார். இடைவேளை விடக்கூட ஒரு சம்பவம் இல்லை. லோகனை வில்லனாகப் போட்டுவிடலாம், அது சுலபம்.

அந்தத் துறைமுக அதிகாரியை என்ன செய்வார்கள்? அவர் கெட்டவர் இல்லை, லஞ்சம் வாங்கியதாகவும் இல்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சண்முகம், அந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? 1988 என்று நினைக்கிறேன், கார்த்திகை மாதம். புயல் சின்னம், கடல் கொந்தளிப்பு. வெளியே நங்கூரம் போட்டு ஒரு சரக்குக் கப்பல். மஞ்சள் கொடி ஏற்றியிருந்தான். ரொம்பப் பழைய காலத்தில் மஞ்சள் கொடி என்றால் நோய்க்கப்பல் என்று அர்த்தம், நம் காலத்தில் "எல்லாரும் சுகம், உள்ளே விடுங்கள்" என்று அர்த்தம். எவன் இப்படி மாற்றினானோ. நாம் போன லாஞ்ச் படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கயிற்று ஏணி கப்பல் பக்கவாட்டில் அடித்து அடித்துத் திரும்பியது. "இதில் ஏறினால் இன்றைக்குச் சங்குதான்" என்று நம்மில் ஒருவன் சொன்னான். அது நீயா நானா என்று எனக்கு இன்றைக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான் என்றுதான் நினைக்கிறேன்.

கேப்டன் மேலே நின்றபடி பாலித்தீன் பையில் சுகாதாரப் படிவத்தைக் கட்டி இறக்கினான். பயணத்தில் யாராவது இறந்தார்களா, காய்ச்சல் உண்டா, எலிகள் வழக்கத்துக்கு மாறாகச் செத்தனவா, எல்லாவற்றுக்கும் வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. கப்பல் ஏஜென்ட் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். லாஞ்சுக்குள் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். நீ டார்ச் பிடித்தாய்.

நாலு நாள் கழித்து அந்த ஏஜென்ட் பேச்சுவாக்கில் சொன்னார், கப்பலில் இரண்டு பையன்களுக்குக் காய்ச்சல், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன் என்று. நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் நீ எதையோ சொல்லிச் சிரித்தாய், நானும் சிரித்தேன். ஒன்றும் ஆகவில்லை. வெறும் காய்ச்சல்தான். கப்பல் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விட்டது.

1994-இல் சூரத்தில் பிளேக் என்று உலகமே நம்மைக் கண்டு ஓடியபோது, வளைகுடா நாடுகள் விமானத்தை நிறுத்தியபோது, நாம் ஒரு கப்பலையும் விடாமல் ஏறினோம். நீ ஏணியில் வழுக்கி முட்டியை உடைத்துக்கொண்டது அப்போதுதான். இப்போது மாற்றியது அதே முட்டிதானே? அதை எல்லாருக்கும் பெருமையாகச் சொல்வோம். இதை இருவரும் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூட.

காலையில் பையனிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவன் பெங்களூர் நண்பனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான், "எங்க தாத்தா இருந்தா உள்ளேயே விட்டிருக்க மாட்டாரு" என்று. பல் தேய்க்கப் போய்விட்டேன். மதியம் ரயிலேற்றிவிட்டு வந்தேன். அவனிடம் மக்ரூன் இரண்டு டப்பா கொடுத்து அனுப்பினேன். உனக்கும் ஒரு டப்பா கூரியரில் போட்டிருக்கிறேன், உடையாமல் வந்ததா என்று எழுது. சர்க்கரைக்காரன் நீ ஒன்றே ஒன்று தின்னு, மீதியை மருமகளிடம் கொடுத்துவிடு.

கப்பலின் பேர் எனக்கு மறந்துவிட்டது. மூன்று நாளாக யோசிக்கிறேன். பனாமா கொடி, கருப்பு உடல், அவ்வளவுதான் வருகிறது. உனக்குத்தான் பேர்கள் நிற்கும். ஞாபகம் வந்தால் எழுது.

அன்புடன்,
ராஜாமணி