குழாய் முனையில் நடக்கட்டும் நீர்ப் பரிசோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன் நான். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் பகுதிக் குழாய்த் தண்ணீரைப் பற்றி மக்கள் எழுப்பும் புகாரும், அதற்கு அதிகாரிகள் சொல்லும் பதிலும் முக்கியமான ஒன்றைத் தொடாமலே போய்விடுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒகேனக்கல்லிலிருந்து குழாய் வழியே காவிரித் தண்ணீர் வருகிற நாளில் துவரம் பருப்பு குக்கரில் மூன்று விசிலில் குழைந்துவிடுகிறது. வரத்து குறைந்து, மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஏற்றி விடுகிற நாளில் அதே பருப்பு எத்தனை விசில் விட்டாலும் பருக்கை பருக்கையாகவே நிற்கிறது. சோப்பு நுரைப்பதில்லை, இட்லிப் பானையின் அடியில் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெண்படலம் ஏறுகிறது, அதைப் போக்கப் பெண்கள் எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்க்கிறார்கள். எந்த நாளில் எந்தத் தண்ணீர், எந்த விகிதத்தில் கலந்து வருகிறது என்பதை எங்களுக்கு யாரும் அறிவிப்பதில்லை, சமையலறைதான் அறிவிக்கிறது.

பாறையிடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருப்பதே கடினத்தன்மை. அவற்றில் பைகார்பனேட்டாக உள்ள பகுதி கொதிக்க வைத்தால் படிந்து பிரிந்துவிடும். குளோரைடாகவும் சல்பேட்டாகவும் உள்ளது கொதித்தாலும் போகாது. கடினநீர் உடலுக்கு நஞ்சன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பு கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. ஆனால் புகார் செய்யும்போதெல்லாம் "600-க்குள்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்று எங்களுக்குச் சொல்லப்படும் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரக்கோட்பாட்டின்படி குடிநீரில் ஏற்கத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். 600 என்ற அளவு, வேறு நீராதாரமே இல்லாத இடத்துக்கு மட்டும் தரப்பட்ட தளர்வு. காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவந்த ஊருக்கு அந்தத் தளர்வை எடுத்துக்காட்டுவது எப்படிப் பொருந்தும்?

இதைவிடப் பெரிய கவலை எனக்கு ஃபுளோரைடு பற்றியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வெறும் குடிநீர்த் திட்டமாக வரவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடால் பல்லில் காவிக்கறை விழுந்தும், மூட்டும் முதுகும் இறுகியும் தலைமுறைகளாக மக்கள் பட்ட துன்பத்தைத் தீர்க்கவே, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் சுமார் ரூ.1,928 கோடியில் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. எந்த நிலத்தடி நீரிலிருந்து மக்களை விடுவிக்க இவ்வளவு பணம் செலவிடப்பட்டதோ, அதே நீரைத் தொட்டியில் கலந்து அனுப்பினால், அந்தக் கலவையில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அளந்து சொல்லும் கடமை அதைக் கலப்பவர்களுக்கு உண்டு. அதற்கான ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு ஆதாரம் இல்லாதபோதும் 1.5-ஐத் தாண்டக் கூடாது.

கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிவது உப்பும் கடினத்தன்மையும் மட்டுமே. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, இந்த அளவில் சுவையுமில்லை. கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு பெருமளவு கரைந்து நிற்க முடியாது என்பதால், கடினத்தன்மை குறைந்து சோப்பு நன்றாக நுரைக்கும் ஆழ்துளை நீரில்தான் அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கிறது. "எங்கள் தெரு போர் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும்" என்று பெருமையாகச் சொல்பவர்களை அறிவேன்; அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் நிலைப்பற்கள் உருவாகும் வயதில் அந்த நீர் பரிசோதிக்கப்பட்டதா என்பதே என் கேள்வி. பல்லில் ஒருமுறை விழுந்த கறை, பிறகு நல்ல நீர் குடிப்பதால் மறைவதில்லை. காய்ச்சிக் குடித்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

இந்த அறியாமையின் மேல் ஒரு வியாபாரம் நடக்கிறது. ஆர்.ஓ. என்னும் நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருபவர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் குழாய் நீரையும் தம் இயந்திர நீரையும் ஊற்றி, மின்கம்பிகளைத் தோய்க்கிறார். குழாய் நீர் செம்பழுப்பாகத் திரிந்ததும் வீட்டிலுள்ளோர் அதிர்ந்து போகிறார்கள். அந்த நிறம் நீரிலிருந்த அழுக்கன்று. உப்புள்ள நீரில் மின்சாரம் பாய்ந்து, தோய்த்த இரும்புக் கம்பியே கரைந்து வருவது. டி.டி.எஸ். கருவி காட்டும் எண்ணும் மொத்தக் கரைபொருளின் தோராய அளவுதான். கடினத்தன்மை எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. ஆர்.ஓ. முறை ஃபுளோரைடைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும் வீட்டு இயந்திரம், முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊருக்குப் பொதுத் தீர்வாகாது. அதை வாங்க இயலாத குடும்பம் 20 லிட்டர் கேனுக்குக் கூலியில் ஒரு பங்கை ஒதுக்குகிறது. அதற்கும் இயலாதவர்கள் குழாயில் வருவதைக் குடிக்கிறார்கள்.

கிராம வீடுகளுக்குக் குழாய்நீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்கள் வீதம் பயிற்சி பெற்று, கையடக்கப் பெட்டியைக் கொண்டு நீரைச் சோதிக்கும் ஏற்பாடு கிராமங்களுக்கு உண்டு. எங்களைப் போன்ற சிறு நகரங்களின் வார்டுகளுக்கும் அது வர வேண்டும். மாதிரியை நீரேற்று நிலையத்தில் எடுத்துத் திருப்தி அடையாமல், கலப்பு முடிந்தபின் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் எடுக்க வேண்டும். கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், எஞ்சிய குளோரின் ஆகியவற்றின் அளவை மாதந்தோறும் வார்டுவாரியாக நியாய விலைக் கடைகளிலும் பள்ளி வாயில்களிலும் தமிழில் ஒட்ட வேண்டும்.

ஆழ்துளை நீரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரத்து குறையும்போது அது இல்லாமல் சமாளிக்க முடியாது. அதைத் தெருமுனைப் பிளாஸ்டிக் தொட்டிகளில் தனியே விட்டால் துவைக்கவும் கழுவவும் எடுத்துக்கொள்வோம். குடிநீர்க் குழாயில் ஆற்றுநீர் குறைவாக வந்தாலும் அது கலப்பில்லாமல் வரட்டும். ஒகேனக்கல் இரண்டாம் கட்டத் திட்டம் முடிந்து போதிய நீர் கிடைக்கும்வரையிலாவது இந்த ஏற்பாட்டைச் செய்யவும், முதற்கட்டமாக எங்கள் மாவட்ட நகர்ப்பகுதிகளின் குழாய்முனைப் பரிசோதனை முடிவுகளை அடுத்த கோடைக்குள் வெளியிடவும் மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
தருமபுரி மாவட்டம்.